சூடு குறையாத பக்கம்

"தப்பு எந்த பிரவுசர் மேல, மேடம்?"

உலகநாதன் இதைக் கேட்டபோது ரெஜினா சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி மின்விசிறியை நிறுத்தினாள்.

பாளையங்கோட்டையில் மாசி மாத மத்தியானத்தில் மின்விசிறியை நிறுத்துவது லேசான காரியம் இல்லை. அறையில் இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நிறுத்தியது யார் என்று தெரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டார்கள்.

விசிறி நின்ற பிறகு ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. உலகநாதனின் லேப்டாப்புக்குள் இருக்கும் குட்டி விசிறி இரைந்துகொண்டிருந்தது. அதில் ஒரே பக்கத்தை இரண்டு பிரவுசரில் திறந்து வைத்திருந்தார்.

"கேக்குதா அண்ணாச்சி?"

"கேக்குது."

"சத்தத்தை வச்சு எந்த பிரவுசர்னு சொல்லுங்க."

"அதெப்படிச் சொல்ல முடியும்?"

ரெஜினா தலையை ஆட்டினாள். மின்விசிறியைப் போட்டாள். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைய பாடம் அவ்வளவுதான்.

*

ரெஜினா அவரைவிட ரொம்பச் சின்னவள். உலகநாதனின் மூத்த மகளுக்கு அக்கா என்று சொல்லலாம், அவ்வளவு வயதுதான். ஆனால் ஓர் இணையப் பக்கம் ஏன் இழுக்கிறது, ஏன் திக்குகிறது, ஏன் கணினியைப் போட்டு வறுக்கிறது என்று கேட்டால் அந்த ஊரில் அவளைத்தான் கை காட்டுவார்கள். வேறு நிறுவனத்துக்காரர்கள்கூட வந்து கேட்பார்கள். அவள் ஒரு வார்த்தை சொல்வாள், சில சமயம் அதுவும் கிடையாது. வந்தவர்கள் திட்டிக்கொண்டே படியிறங்குவார்கள். மறுநாள் போன் பண்ணி நன்றி சொல்வார்கள்.

உலகநாதன் அச்சகத்திலிருந்து வந்தவர். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், கோயில் கொடை நோட்டீஸ் என்று பாதி ஆயுசு அங்கே போயிற்று. அச்சகம் மூடியபின், இணையப் பக்கம் செய்துகொடுக்கும் இந்த மாடி அலுவலகத்துக்கு வந்தார். இங்கேதான் அவர் வரைந்த படம் முதன்முதலாக அசைந்தது. ஒரு குருவிக்குச் சிறகு அடிக்கக் கற்றுக்கொடுத்த அன்று அவர் சாப்பிடவே மறந்துவிட்டார். நின்ற இடத்தில் நின்ற படங்களோடு முப்பது வருஷம் பழகிய மனுஷன், அந்தச் சந்தோஷம் இருக்கத்தானே செய்யும்.

இப்போது வந்திருக்கும் தலைவலி அந்தச் சந்தோஷத்தில் வந்ததுதான்.

மலையடிவாரப் பள்ளிக்கூடங்களில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் பழகிப் பார்க்க ஒரு அறக்கட்டளை இணையத் தேர்வு நடத்துகிறது. அதற்கான பக்கத்தை ஒரு வருஷத்துக்கு முன்பு வடிவமைத்தது உலகநாதன். உச்சியில் மலை. மலையில் மேகம் நகரும். அருவி விழும். குருவிகள் பறக்கும். அதற்குக் கீழே கேள்விகள்.

அலுவலகத்தில் திறந்தால் அருவி அழகாக விழுந்தது. பள்ளிக்கூடத்தில் திறந்தால் கணினி விழுந்தது.

எல்லாம் யாரோ கொடுத்த பழைய கணினிகள். பக்கத்தைத் திறந்த கொஞ்ச நேரத்தில் பிராசஸர் சுமை தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டிப் போய் நிற்கும். மவுஸ் நகராது. பெட்டி சூடாகித் தானாக அணைந்தும் போகும். பிள்ளை எழுதிய பதிலெல்லாம் அதோடு போச்சு. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று அறக்கட்டளையில் சொல்லிவிட்டார்கள். அது போய்விட்டால் படம் வரைகிற ஆள் எனக்கு எதற்கு என்று முதலாளி கேட்டார். உலகநாதன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

ஐம்பதை நெருங்குகிறவருக்கு இந்த ஊரில் இன்னொரு நாற்காலி யார் போடுவார்கள்? இரவு படுத்தால் இதுதான் ஓடியது.

உலகநாதனின் கட்சி ஒன்றுதான். என் பக்கத்தில் குற்றமில்லை, பள்ளிக்கூடத்து பிரவுசரில்தான் குற்றம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதை அவரிடம் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. நல்ல மனுஷர், எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பவர்.

ரெஜினாவிடம் போய் நிற்க அவருக்கு இஷ்டமே கிடையாது. போன வருஷம் ஒரு கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் அவர் வேலை ஒன்றை அவள் வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவளுக்கு வணக்கம் சொல்வதில் அவர் ஒரு குறையும் வைத்ததில்லை. அவளோடு உட்கார்ந்து டீ மட்டும் குடித்ததில்லை.

*

மறுநாள் பக்கத்தின் தலையில் சிவப்பெழுத்தில் ஒரு அறிவிப்பு எழுதிப் போட்டார். தயவுசெய்து இந்தப் பக்கத்தை வேறு பிரவுசரில் திறக்கவும்.

ரெஜினாவிடம் காட்டினார். அவள் நிதானமாக வாசித்தாள்.

"இதைப் படிச்சிட்டு வேற பிரவுசர் திறக்கணும்னா அந்தப் பிள்ளைக்கு மவுஸ் நகரணும்லா?"

"ஆமா."

"நகருதா?"

உலகநாதன் அறிவிப்பை எடுத்துவிட்டார்.

*

அடுத்து யாரோ சொன்ன ஒரு வித்தையைச் செய்து பார்த்தார். பிராசஸர் சுமக்கிற வேலையை, படம் காட்டுவதற்கென்றே உள்ள கிராஃபிக்ஸ் கார்டு தலையில் தூக்கி வைக்க ஒரு வரி உண்டு. ஒன்றிரண்டு இடத்தில் எழுதவேண்டிய வரி. அவர் மேகத்துக்கு எழுதினார், குருவிக்கு எழுதினார், அருவிக்கு எழுதினார், கடைசியில் கேள்வி எண்ணுக்குக்கூட எழுதினார்.

அலுவலகத்துக் கணினியில் எண் மளமளவென்று இறங்கியது. ஆசை ஆசையாகப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போன் போட்டார். அங்கே கம்ப்யூட்டர் வாத்தியார் செல்வின் திறந்து பார்த்தார்.

"சார், முன்னால தவழ்ந்துச்சு. இப்ப படுத்தே போச்சு."

அந்தப் பழைய பெட்டிகளில் சொல்லிக்கொள்கிற மாதிரி கிராஃபிக்ஸ் கார்டே கிடையாது. நம் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டில் தள்ளலாம் என்று போனால், அங்கே வீடே இல்லை.

உலகநாதன் இதையும் ரெஜினாவிடம் போய்ச் சொன்னார். சொல்லும்போது குரலில் சூடு இருந்தது. நீங்கள் ஒரு வழி சொன்னால்தானே நான் செய்ய முடியும், விசிறியை நிறுத்தினால் எனக்கு என்ன புரியும் என்று கேட்டேவிட்டார்.

ரெஜினா அவரோடு நடந்து வந்தாள். கையில் டிபன் பாக்ஸ் துடைக்கும் துண்டு இருந்தது. அதை விரித்து அவருடைய லேப்டாப் திரைமேல் போர்த்தினாள்.

"என்ன தெரியுது?"

"துண்டு."

"என்ன கேக்குது?"

"உள்ள விசிறி ஓடுது."

"ம்," என்றாள். துண்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

*

உலகநாதன் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். சரி, இதைத்தான் சொல்கிறாள் என்று முடிவு பண்ணினார். படம் கண்ணில் தெரியக்கூடாது என்கிறாள். என் அருவியைக் கேட்கிறாள். போன வருஷம் ஒன்றைக் கேட்டாள், இந்த வருஷம் மிச்சத்தையும் கேட்கிறாள்.

முதலில் குருவிகளை எடுத்தார். பிறகு மேகத்தை எடுத்தார். அருவி மட்டும் தனியாக விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் பாறையில் பட்டுத் தெறிக்கிற இடத்துக்கே அவர் ஒரு வாரம் செலவழித்திருந்தார். வேலைதான் பெரிது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அதையும் எடுத்தார். மலையையும் எடுத்துவிட்டார். மலை அசையவே இல்லை, பாவம், அதை எடுத்தது வெறும் கோபத்தில்.

வெள்ளைப் பக்கம். அதில் கறுப்பில் கேள்விகள்.

தன் லேப்டாப்பில் போட்டு வைத்திருந்த பள்ளிக்கூடத்து பிரவுசரில் திறந்தார். பிராசஸர் எண்ணைப் பார்த்தார்.

கொஞ்சம் இறங்கியிருந்தது. கொஞ்சம்தான். எண்பதுக்குக் கீழே வர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. உள்ளே விசிறி இரைந்துகொண்டேதான் இருந்தது.

உலகநாதனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

*

"எல்லாத்தையும் குடுத்துட்டேன் மேடம். நீங்க கேட்டதெல்லாம் குடுத்துட்டேன். இன்னும் சூடு குறையல."

ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் என்ன கேட்டேன்?"

"அருவியை."

"எப்ப?"

"துண்டு போட்டு மூடுனீங்கள்லா?"

"மூடுனேன். எடுக்கச் சொன்னேனா?"

உலகநாதன் யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லைதான்.

"அருவியை ஏன் எடுத்தீங்க அண்ணாச்சி? அதைத்தான் பிள்ளைங்க பாக்கும். அது கண்ணுக்கு முன்னால ஓடுது, அது பாட்டுக்கு ஓடட்டும்."

"அதையும் எடுத்தாச்சு. இப்ப பக்கத்துல ஒண்ணுமே இல்ல. வெறும் வெள்ளை."

"வெள்ளைன்னா ஒண்ணுமில்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

உலகநாதன் அந்த வெள்ளைப் பக்கத்தை மறுபடி பார்த்தார்.

ரெஜினா எழுந்து வந்து அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய கீபோர்டை அவள் தொடவில்லை. கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் அந்த வெள்ளையை எடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அவர் எடுத்தார்.

*

முதலில் தெரிந்தது ஒரு சக்கரம். பக்கம் திறக்கும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்வதற்காகச் சுற்றுகிற சக்கரம். பக்கம் எப்போதோ திறந்துவிட்டது, அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்கு அடியில் ஒரு பொங்கல் பானை. தையில் ஒரு வாரத்துக்காகப் போட்டது. அது இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு அடியில் திறப்புவிழாத் தோரணம், காற்றில் ஆடியபடி. அதற்கும் அடியில், அன்றைக்கு வந்திருந்த அதிகாரியை வருக வருக என்று அழைத்து நகர்ந்துகொண்டிருந்தது ஒரு வரி. அந்த அதிகாரி மாற்றலாகிப் போயே பல மாதம் ஆகிறது.

எல்லாம் உலகநாதனின் கைவேலை.

அச்சகத்தில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு, அச்சகக்காரர் எல்லோருக்குமே உண்டு. வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்ன டிசைனின் அச்சுப் பிளேட்டைத் தூக்கி எறிய மாட்டார்கள். பரணில் போட்டு வைப்பார்கள். நாளைக்கே வந்து, பழசையே போடுங்க என்று நிற்பான். இங்கே வந்தும் உலகநாதன் அதையேதான் செய்தார். யாராவது ஒன்றை எடுத்துவிடச் சொன்னால் எடுக்க மாட்டார். அதன்மேல் ஒரு வெள்ளையைப் போர்த்திவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். பரணில் போட்ட பிளேட் சும்மா கிடக்கும், சோறு கேட்காது. இங்கே போர்த்தி வைத்தது அப்படி இல்லை, துண்டுக்கு அடியில் ஓடிய விசிறி மாதிரி ஓடிக்கொண்டேதான் இருக்கும். வைத்தவருக்கே மறந்துபோயிற்று, அதுகளுக்கு மறக்கவில்லை.

"ஆபீஸ் பிரவுசர்ல ஏன் இந்தச் சுமை தெரியல?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அது கெட்டிக்காரன். மூடிக் கிடக்குன்னு கண்டா வரையாம விட்டுரும்."

"ஸ்கூல்ல உள்ளது?"

"நீங்க ஆடச் சொன்னீங்க, ஆட வைக்குது. நிப்பாட்டச் சொன்னீங்களா?"

அப்படியானால் எந்த பிரவுசர் மேலும் தப்பில்லை. உலகநாதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்லா மேடம்?"

"சொல்லியிருந்தா நீங்க சரின்னு சொல்லிட்டு, அது மேலயும் ஒரு வெள்ளையைப் போட்டிருப்பீங்க."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் உலகநாதனுக்குச் சுருக்கென்றது.

*

சக்கரத்தை எடுத்தார். போர்த்தவில்லை, அடியோடு அழித்தார். பானையை அழித்தார். தோரணத்தை அழித்தார். அதிகாரியை வழியனுப்பி வைத்தார். ஒவ்வொன்றும் போகப் போக உள்ளே இரைச்சல் ஒரு படி தணிந்தது.

செல்வினுக்குப் போன் போட்டார். செல்வின் திறந்து பார்த்துவிட்டு, தேவலை சார், மவுஸ் நகருது, ஆனா இன்னும் லேசா இழுக்குது, ரொம்ப நேரம் தாங்குமான்னு தெரியலை என்றார். போனை வைக்காமல் இருக்கச் சொன்னாள் ரெஜினா. உலகநாதன் போனை மேஜைமேல் வைத்தார்.

"இன்னும் என்ன ஓடுது அண்ணாச்சி?"

"ஒண்ணும் ஓடலையே. எல்லாத்தையும் எடுத்தாச்சு."

"அடியில இன்னொரு வெள்ளை இருக்கு."

இருந்தது. எல்லாவற்றுக்கும் முதலில் போர்த்திய வெள்ளை அது. அது எதன்மேல் போர்த்தியது என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. விரல் போகவில்லை. போனில் செல்வின், சார் இருக்கீங்களா என்றார். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உலகநாதன் அந்த வெள்ளையை எடுத்தார்.

ஒரு தாமரை.

மொட்டாக இருந்தது. ஒவ்வொரு இதழாக விரிந்தது. முழுக்க மலர்ந்து ஒரு நொடி நின்றது. பிறகு ஒவ்வொரு இதழாகக் கூம்பி மறுபடி மொட்டாயிற்று. மறுபடி விரியத் தொடங்கியது.

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது நீங்க வேண்டாம்னு சொன்னது," என்றார் உலகநாதன்.

"ஞாபகம் இருக்கு."

"நான் சரின்னு சொன்னேன்."

"சிரிச்சிட்டே சொன்னீங்க."

தாமரை கூம்பியது.

"நல்லா இருக்கு," என்றாள் ரெஜினா.

"அன்னைக்கு நீங்க அதைச் சொல்லலையே."

"சொல்லியிருக்கணும். பரீட்சை எழுதுத இடத்துல வேண்டாம்னு மட்டும் சொன்னேன். பூ நல்லா இருக்குன்னும் சொல்லியிருக்கணும்."

உலகநாதன் இந்த ஒரு வருஷத்தில் இந்த வார்த்தையை எதிர்பார்த்து எத்தனை காலை வணக்கம் சொல்லியிருப்பார் என்று கணக்கே கிடையாது. இப்போது வந்துவிட்டது. வந்தபோது அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அன்னையில இருந்து நிக்காம ஓடிட்டேவா இருக்கு?" என்று கேட்டாள் ரெஜினா.

உலகநாதன் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் திரையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தாமரை முழுக்க மலரட்டும் என்று காத்திருந்தார். மலர்ந்து நின்ற அந்த ஒரு நொடியில் அழித்துவிட்டார்.

பிறகு மலையைத் திரும்ப வைத்தார். அருவியை விட்டார். மேகத்தையும் குருவிகளையும் விட்டார். கிராஃபிக்ஸ் கார்டுக்காக எழுதிய வரிகளை ஒன்றுவிடாமல் எடுத்தார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

போனிலிருந்து செல்வின் குரல் வந்தது.

"சார், ஓடுது. மவுஸ் சொன்னபடி கேக்குது. நாளைக்குப் பிள்ளைங்களை உக்கார வச்சுரலாம். அருவிகூட விழுது சார்."

உலகநாதன் நன்றி சொல்லிப் போனை வைத்தார். லேப்டாப்புக்குள் சத்தமே இல்லை.

"எப்படி அண்ணாச்சி, குறைஞ்சுதா?" என்றாள் ரெஜினா.

திரையின் மூலையில் எண் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"குறைஞ்சிருச்சும்மா," என்றார். "வா, கீழ போய் டீ குடிப்போம்."